‘60 சதவீதம்’ என்றால் நோய் பரவிவிட்டது என்று அர்த்தமா? நுரையீரல் புற்றுநோய் மரபணு ரிப்போர்ட்டைப் புரிந்துகொள்வது எப்படி



இப்படி ஒரு காட்சியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போடிநாயக்கனூரில் ஒரு வீடு. விடியும் முன்பே ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வரும் ஒரு அத்தை. மூன்று மாதமாக விடாத இருமல். மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்ததில் நுரையீரலில் கட்டி என்று தெரிந்து, அதிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியாகிவிட்டது. பத்து நாள் கழித்து அண்ணன் மகனின் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் பி.டி.எஃப். ஆக வந்து விழுகிறது. முழுக்க ஆங்கிலம். அதில் அவருக்குப் புரிந்த ஒரே விஷயம் ஒரு எண்: ‘பி.டி.-எல்1: 60 சதவீதம்’.

ராத்திரிக்குள் சொந்தபந்தம் முழுக்கச் செய்தி போய்விடுகிறது. “அத்தைக்கு அறுபது பர்சன்ட் பரவிடுச்சாம்.” மறுநாள் காலையில் பெரியவர் ஒருவர் சொல்கிறார்: “இதுக்கு மேல எதுக்குப்பா அலைச்சல், வீட்டுலயே வச்சுப் பார்த்துக்கலாம்.”

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் ரிப்போர்ட் நேரடியாக நம் செல்போனுக்கே வந்துவிடும் இந்தக் காலத்தில், எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. அந்த 60 என்ற எண், நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைச் சொல்லவே இல்லை. எந்த மருந்து பலன் தரலாம் என்று மருத்துவர் முடிவெடுக்க உதவும் எண் அது. சொல்லப்போனால், சிலருக்கு அது ஒரு நல்ல வாய்ப்பைக் காட்டும் எண். அதைத் தப்பாகப் படித்துவிட்டு சிகிச்சையை நிறுத்தினால் இழப்பு யாருக்கு?

ரிப்போர்ட்டில் வரும் இந்த மரபணு விவரங்கள் என்ன, எதற்கு, அதை வைத்து நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம்.

செடி முழுக்க ஒரே மரபணு. வாசனை மட்டும் ஏன் காயில்?

ஏலச்செடியை எடுத்துக்கொள்ளுங்கள். வேர், தண்டு, இலை, பூ, காய் என்று எங்கே கிள்ளிப் பார்த்தாலும் உள்ளே இருக்கும் மரபணுக்கள் ஒன்றுதான். ஆனால் சந்தையில் விலை பேசும் அந்த மணம் காய்க்குள் இருக்கும் விதையில்தான் நிறைந்திருக்கிறது. காரணம், வாசனை எண்ணெயை உருவாக்கும் மரபணுக்கள் அங்கேதான் மும்முரமாக வேலை செய்கின்றன. வேரிலும் அதே மரபணுக்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே அவை பெரும்பாலும் அடங்கிக் கிடக்கின்றன.

ஒரு மரபணு ஓர் இடத்தில் எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்பதைத்தான் ‘மரபணு வெளிப்பாடு’ என்கிறார்கள். மரபணு வேலை செய்தால், அதன் உத்தரவுப்படி செல்லுக்குள் ஒரு புரதம் தயாராகும். வேலை கூடினால் பொதுவாகப் புரதமும் கூடும்.

மனித உடம்பிலும் இதே கதைதான். நமக்கு ஏறத்தாழ 20,000 மரபணுக்கள், புரதம் தயாரிக்கும் உத்தரவோடு இருக்கின்றன. கண்ணுக்கும் நுரையீரலுக்கும் ஒரே தொகுப்பு. எங்கே எது வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம். புற்றுநோய்ச் செல்லில் இந்த ஒழுங்கு குலைந்துபோகிறது. சில மரபணுக்கள் அளவுக்கு மீறி வேலை செய்யும், சில அடங்கிவிடும். அதை அளந்து பார்த்தால் அந்தக் கட்டியின் குணம் ஓரளவு தெரியும்.

இரண்டு வகைப் பரிசோதனை, குழப்பிக்கொள்ள வேண்டாம்

நுரையீரல் புற்றுநோய் ரிப்போர்ட்டில் பொதுவாக இரண்டு வகை விவரங்கள் வரும்.

ஒன்று, மரபணு மாற்றம். மரபணு என்ற உத்தரவிலேயே ஏற்பட்ட எழுத்துப்பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. என்ற பெயர்களுக்கு எதிரே ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்று வருவது இந்த வகை.

இன்னொன்று, வெளிப்பாடு. உத்தரவில் பிழை இருக்கிறதா என்பது இங்கே கேள்வி இல்லை. எவ்வளவு சத்தமாகப் படிக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி. ரேடியோவில் வால்யூம் மாதிரி. பி.டி.-எல்1 என்ற பெயருக்கு எதிரே சதவீதத்தில் வரும் எண் இந்த வகை.

இங்கே பலருக்கு ஒரு பயம் வரும். “மரபணுன்னு சொல்றாங்களே, அப்போ பிள்ளைகளுக்கும் வருமா?” பெரும்பாலான நேரங்களில் இந்த மாற்றங்கள் அந்தக் கட்டிக்குள் மட்டும் ஏற்பட்டவை. பெற்றோரிடமிருந்து வந்தவையும் இல்லை, பிள்ளைகளுக்குப் போகிறவையும் இல்லை. குடும்பத்தில் பலருக்குப் புற்றுநோய் வந்திருந்தால் மட்டும் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

போடிமெட்டு செக்போஸ்ட்டும் பி.டி.-எல்1 புரதமும்

மலைப்பாதையில் வளைவுகளைக் கடந்து மேலே போனால் போடிமெட்டில் சோதனைச் சாவடி. வண்டி நிற்கும், ஆவணம் பார்ப்பார்கள், சரியாக இருந்தால் விடுவார்கள்.

நம் உடம்பிலும் இப்படி ஒரு காவல் இருக்கிறது. டி-செல் என்ற வெள்ளை அணுக்கள் ரோந்து போய்க்கொண்டே இருக்கும். கிருமி புகுந்த செல், கெட்டுப்போன செல் எதைக் கண்டாலும் அழிக்கும். ஆனால் நம் சொந்தச் செல்களையே தாக்கிவிடக் கூடாது அல்லவா? அதற்காக உடம்பு ஒரு பாஸ் வைத்திருக்கிறது. அதுதான் பி.டி.-எல்1 புரதம். டி-செல்லின் மேலே பி.டி.-1 என்ற கைப்பிடி இருக்கும். பாஸ் அந்தக் கைப்பிடியைத் தொட்டதும் டி-செல் ‘சரி, நம்ம ஆள்’ என்று அடங்கிவிடும்.

சில புற்றுநோய்ச் செல்கள் இந்தப் பாஸைத் தாங்களும் அதிகமாகத் தயாரித்து மேலே ஒட்டிக்கொள்கின்றன. காவலரும் நம்பி விட்டுவிடுகிறார். கட்டி வளர்கிறது.

பி.டி.-1 கைப்பிடியை ஜப்பானைச் சேர்ந்த தசுகு ஹோன்ஜோவின் ஆய்வகம் 1992-ல் கண்டுபிடித்தது. இதே போன்ற இன்னொரு தடுப்பை ஆராய்ந்த அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் அவருக்கும் சேர்த்து 2018-ல் மருத்துவ நோபல் பரிசு தரப்பட்டது. இவர்களின் ஆய்விலிருந்து பிறந்ததுதான் இப்போது ‘இம்யூனோதெரபி’ என்று நாம் கேள்விப்படும் சிகிச்சை. அந்த மருந்து கைப்பிடியையோ பாஸையோ மூடிவிடுகிறது. ஏமாற்று வேலை பலிக்காமல் போகிறது. டி-செல் தன் வேலையைத் தொடங்குகிறது.

சரி, அந்த 60 எதைச் சொல்கிறது?

எடுத்த சதைத் துணுக்கில் உள்ள புற்றுநோய்ச் செல்களை நிறமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். உயிருள்ள புற்றுநோய்ச் செல்கள் 100 இருந்தால், அதில் எத்தனை செல்களின் மேல் பி.டி.-எல்1 தெரிகிறது என்று எண்ணுகிறார்கள். 60-ல் தெரிந்தால் 60 சதவீதம். ரிப்போர்ட்டில் ‘டி.பி.எஸ்.’ என்று இருப்பது இதுதான். உடம்பில் 60 சதவீதம் பரவியது என்றோ, 60 சதவீதம் ஆபத்து என்றோ இதற்குப் பொருள் கிடையாது. நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைச் சொல்வது ‘நிலை’, அதாவது ஸ்டேஜ். அது ஸ்கேன் முதலான பரிசோதனைகளில் தெரிவது. ரிப்போர்ட்டிலேயே வேறு இடத்தில் இருக்கும்.

பொதுவாக மருத்துவர்கள் மூன்று படிகளாகப் பிரிப்பார்கள்:

* 1 சதவீதத்துக்கும் கீழே
* 1 முதல் 49 வரை
* 50-ம் அதற்கு மேலும்

முற்றிய நிலையில் உள்ள, ‘சிறு செல் அல்லாத’ வகை நுரையீரல் புற்றுநோயில் 50-க்கு மேல் இருந்தால், கீமோதெரபி இல்லாமல் இம்யூனோதெரபி மட்டுமே கொடுத்துப் பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது. 2016-ல் வெளியான ‘கீநோட்-024’ ஆய்வு இதற்கு ஆதாரம். 50 சதவீதமும் அதற்கு மேலும் இருந்த 305 நோயாளிகளில் ஒரு பிரிவுக்கு பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி, இன்னொரு பிரிவுக்கு கீமோ. ஐந்து ஆண்டு முடிவில், முதல் பிரிவில் 100-க்கு சுமார் 32 பேர் உயிரோடு இருந்தார்கள். கீமோவில் தொடங்கிய பிரிவில் 100-க்கு சுமார் 16 பேர். அந்தப் பிரிவிலும் பலர் பின்னால் இம்யூனோதெரபிக்கு மாறியவர்கள்தான்.

இரண்டு மடங்கு என்பது பெரிய மாற்றம். அதே சமயம், 32 என்றால் மீதி 68 பேர் என்ற கணக்கையும் மறைக்கக் கூடாது. எண் அதிகமாக இருந்தும் மருந்து வேலை செய்யாதவர்கள் உண்டு. எண் 1-க்குக் கீழே இருந்தும் கீமோவோடு சேர்த்துக் கொடுத்ததில் பலன் பெற்றவர்கள் உண்டு. பி.டி.-எல்1 ஒரு கைகாட்டி மரம் மாதிரி. பாதையைக் காட்டும், கூடவே வந்து கொண்டுபோய் விடாது.

இம்யூனோதெரபிக்குப் பக்கவிளைவே இல்லை என்று சிலர் சொல்வதும் சரியில்லை. அவிழ்த்துவிடப்பட்ட காவலர் சில நேரம் நம் சொந்த உறுப்புகளையே தாக்குவார். தைராய்டு, குடல், தோல், நுரையீரல் எதுவும் பாதிக்கப்படலாம். சிகிச்சையில் இருப்பவருக்குப் புதிதாக மூச்சுத்திணறலோ விடாத வயிற்றுப்போக்கோ வந்தால், அடுத்த தேதி வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அவசரப்படக் கூடாத ஓர் இடம்

இது இந்தக் கட்டுரையில் நீங்கள் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டிய பகுதி.

60 என்று வந்துவிட்டது, உடனே இம்யூனோதெரபி போட்டுவிடலாம் என்று நினைப்போம். ஆனால் அதற்கு முன் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. முடிவுகள் கைக்கு வந்திருக்க வேண்டும். ஏன்?

இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ள கட்டிகளில், பி.டி.-எல்1 எண் எவ்வளவு அதிகமாக இருந்தாலும், இம்யூனோதெரபி மட்டும் கொடுத்தால் பலன் குறைவு. அவர்களுக்கு என்றே தனி மாத்திரைகள் இருக்கின்றன: ஜெஃபிடினிப், எர்லோடினிப், ஓசிமெர்டினிப் போன்றவை. முதலில் இம்யூனோதெரபி போட்டுவிட்டு, பிறகு மாற்றம் இருப்பது தெரிந்து ஓசிமெர்டினிப் தொடங்கினால், நுரையீரலில் கடுமையான அழற்சி வரும் அபாயமும் கூடுகிறது. முற்றிய நிலையில் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே எல்லா முடிவுகளும் வேண்டும் என்று மருத்துவர்கள் காத்திருப்பது இதனால்தான். அந்தச் சில நாள் காத்திருப்பு வீணான நாள் இல்லை. நோயாளியின் நிலை மோசமாக இருந்தால் என்ன செய்வது என்பதை மருத்துவரே முடிவு செய்வார்.

இந்தப் பரிசோதனை எவ்வளவு முக்கியம் என்பதை 2009-ல் வெளியான ‘ஐபாஸ்’ என்ற ஆய்வு தெளிவாகக் காட்டியது. ஆசிய நாடுகளைச் சேர்ந்த 1,217 பேர் அதில் இருந்தார்கள். இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருந்தவர்களுக்கு ஜெஃபிடினிப் மாத்திரை, கீமோவைவிட நோயை அதிக காலம் கட்டுப்படுத்தியது. மாற்றம் இல்லாதவர்களுக்கு அதே மாத்திரை கீமோவைவிட மோசமாக இருந்தது. மாத்திரை ஒன்றுதான். பரிசோதனை முடிவுதான் யாருக்கு என்று தீர்மானித்தது.

நம் நாட்டிலேயே இதற்கு அடுத்த படி எடுத்துவைக்கப்பட்டது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ள 350 நோயாளிகளிடம் ஆய்வு நடத்தி 2020-ல் வெளியிட்டது. ஜெஃபிடினிப் மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்தது நடுவளவாக 8 மாதம். கீமோவும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 16 மாதம். பக்கவிளைவுகளும் கூடின, அதனால் எல்லோருக்கும் பொருந்தாது. இந்திய ஆய்வுகள் பலவற்றில், ‘அடினோகார்சினோமா’ என்ற வகை நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இந்த மாற்றம் காணப்படுகிறது. புகைபிடிக்காதவர்களிடம், பெண்களிடம் இன்னும் அதிகம். பீடி, சிகரெட் தொடாமல் தோட்ட வேலைக்குப் போன நம் அத்தைக்கு, இ.ஜி.எஃப்.ஆர். பரிசோதனையைத் தவறவிடவே கூடாது என்பது இதனால்தான்.

‘இந்த ஜீன் கூடினால் ஆயுள் கம்மி’ என்று படித்தால்?

ரிப்போர்ட்டில் உள்ள பெயரை செல்போனில் தேடினால் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வரிசையாக வரும். ‘நுரையீரல் புற்றுநோயில் இந்த மரபணுவின் வெளிப்பாடு அதிகமானால் உயிர்வாழும் காலம் குறைவு, நோய் எதிர்ப்பு அணுக்களோடும் தொடர்பு உண்டு’ என்கிற மாதிரி. படித்ததும் பகீரென்று இருக்கும். பதறாமல் மூன்று விஷயங்களை யோசியுங்கள்.

முதலாவது, இவற்றில் பல எப்படிச் செய்யப்படுகின்றன? பொதுவில் கிடைக்கும் தரவுத் தொகுப்பிலிருந்து சில நூறு நோயாளிகளின் விவரத்தை எடுத்து, குறிப்பிட்ட மரபணு அதிகம் உள்ளவர்கள், குறைவாக உள்ளவர்கள் என்று இரண்டு கூட்டமாகப் பிரித்து, எந்தக் கூட்டம் அதிக நாள் வாழ்ந்தது என்று பார்ப்பார்கள். கிடைப்பது கூட்டத்தின் சராசரி. ‘அதிகம்’ கூட்டத்திலும் பல ஆண்டு வாழ்ந்தவர்கள் இருப்பார்கள், ‘குறைவு’ கூட்டத்திலும் சீக்கிரம் இறந்தவர்கள் இருப்பார்கள். தனி ஒருவருக்கு அதில் தேதி எழுதியிருக்காது.

இரண்டாவது, கணக்கு. மொத்தம் 20,000 மரபணுக்கள். எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும், 100-க்கு 5 தற்செயலாகவே தொடர்பு இருப்பது போல் தெரியலாம் என்பது ஆய்வுகளில் வழக்கமாக அனுமதிக்கும் அளவு. 20,000-ல் 5 சதவீதம் என்றால் 1,000. அதாவது, ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போனால் ஆயிரம் மரபணுக்கள் வெறும் தற்செயலிலேயே ‘ஆயுளோடு தொடர்புடையது’ என்று மாட்டலாம். அதனால்தான் ஒரு முடிவை வேறு மருத்துவமனையின், வேறு நோயாளிகளிடம் மறுபடி சோதித்துப் பார்த்த பிறகே நம்புவார்கள்.

மூன்றாவது, போக்கைச் சொல்லும் அடையாளம் வேறு, மருந்தைச் சொல்லும் அடையாளம் வேறு. நோய் எப்படிப் போகலாம் என்று மட்டும் சொல்வது முதல் வகை. எந்த மருந்து யாருக்கு என்று சொல்வது இரண்டாவது வகை. இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே., பி.டி.-எல்1 மூன்றும் முக்கியமாக இரண்டாவது வகைக்காகத்தான் பார்க்கப்படுகின்றன. மார்பகப் புற்றுநோயில் 21 மரபணுக்களின் வெளிப்பாட்டை ஒன்றாக அளந்து, கீமோ தேவையா இல்லையா என்று முடிவு செய்யும் பரிசோதனை நடைமுறையில் இருக்கிறது. நுரையீரல் புற்றுநோயில் அப்படி ஒரு தொகுப்புப் பரிசோதனை இன்னும் வழக்கமான சிகிச்சைக்கு வரவில்லை. ஆகவே “ஜீன் டெஸ்ட் எடுத்தால் ஆயுள் எவ்வளவு என்று சொல்லிவிடுவோம்” என்று யாராவது விளம்பரம் செய்தால், பணம் கட்டும் முன் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நம் மக்களின் மாதிரிகளை வைத்தே ஆராய வேண்டும் என்ற முயற்சியும் நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் ‘பாரத் கேன்சர் ஜீனோம் அட்லஸ்’ என்ற தரவுத் தொகுப்பை வெளியிட்டது. அது மார்பகப் புற்றுநோயாளிகளின் மாதிரிகளில் தொடங்கியது. வெளிநாட்டினரின் தரவை மட்டும் வைத்து நமக்குத் தீர்மானிக்கும் நிலை இதனால் கொஞ்சம் கொஞ்சமாக மாறும்.

ஏல மையத்தில் சாம்பிள் தட்டு, மருத்துவமனையில் மெழுகுக் கட்டி

போடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையம் இருப்பது உங்களுக்குத் தெரியும். மூட்டை மூட்டையாக வரும் ஏலக்காயை அங்கே கொட்டிக் காட்டுவதில்லை. கொஞ்சம் சாம்பிள்தான் தட்டில் வரும். வியாபாரிகள் அதைத் தொட்டுப் பார்த்து, நிறமும் பருமனும் பார்த்து, கம்ப்யூட்டரில் விலை கேட்பார்கள். சாம்பிள் சரியில்லை என்றால் விலையும் சரியாக வராது.

பயாப்ஸியும் அப்படித்தான். கட்டியிலிருந்து எடுத்த துணுக்கைப் பதப்படுத்தி மெழுகில் பதித்து வைப்பார்கள். ஆய்வகத்தில் இதற்குப் பெயர் ‘பிளாக்’. தேவைப்படும்போதெல்லாம் அதிலிருந்து தலைமுடியைவிட மெல்லிய சீவல்கள் எடுத்துப் பார்ப்பார்கள். பி.டி.-எல்1 எண்ணுவதற்குக் குறைந்தது 100 உயிருள்ள புற்றுநோய்ச் செல்களாவது அதில் இருக்க வேண்டும். துணுக்கு ரொம்பச் சிறியதாக இருந்தால் ‘மாதிரி போதவில்லை’ என்று எழுதிவிடுவார்கள்.

அதனால் இவற்றைக் கவனியுங்கள்:

* பயாப்ஸி எடுக்கும் முன்பே, “மரபணு பரிசோதனைக்கும் போதுமான அளவு எடுக்க முடியுமா?” என்று கேளுங்கள். இரண்டாவது தடவை ஊசி போடுவதைத் தவிர்க்கலாம்.
* வேறு மருத்துவமனைக்குப் போகும்போது ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. பிளாக்கையும் ஸ்லைடுகளையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கிப் போங்கள். பயாப்ஸி எண்ணைக் குறித்துவையுங்கள்.
* பிளாக்கை வெயிலில் நிற்கும் வண்டியில் வைக்காதீர்கள். அது மெழுகு.
* சதை போதவில்லை என்றால், இ.ஜி.எஃப்.ஆர். மாற்றத்தை ரத்தத்திலும் தேடிப் பார்க்கலாம். ஆனால் ரத்தத்தில் ‘இல்லை’ என்று வந்தால் அதுவே முடிவு ஆகாது.
* ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் செல்போனில் ஒரே ஃபோல்டரில் சேமியுங்கள். முதல் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினால் முக்கியமான வரி விட்டுப்போகும்.

இருமல் இரண்டு வாரம் தாண்டினால்

இவ்வளவு பரிசோதனையும் சரியான நேரத்தில் போனால்தான் முழுப் பலன். நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகையிலைதான், பீடியும் சேர்த்தே. ஆனால் புகைக்காதவர்களுக்கும் வருகிறது. வெளிக்காற்று மாசைப் புற்றுநோய்க் காரணி என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-ல் அறிவித்தது. வீட்டுக்குள் விறகு எரிக்கும் புகையையும் ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்று அது வகைப்படுத்தியிருக்கிறது. மலை லைன் வீடுகளிலும் சரி, அடிவார ஊர்களிலும் சரி, ஜன்னல் இல்லாத சமையலறையில் விறகடுப்பு என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்.

இருமல் இரண்டு வாரம் தாண்டினால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்ப் பரிசோதனை இலவசம். கட்டாயம் எடுங்கள். ஆனால் சளியில் கிருமி இல்லை என்று வந்தும், அல்லது காசநோய் மருந்து சாப்பிட்டும் இருமல் குறையவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒரே மாதிரி தெரிவதுண்டு. சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, குரல் கம்மல், நெஞ்சு வலி இவற்றில் எது இருந்தாலும் “சி.டி. ஸ்கேன் தேவையா டாக்டர்?” என்று நேராகவே கேளுங்கள்.

எங்கே போகலாம்? என்ன உதவி கிடைக்கும்?

மருத்துவமனைகள்: போடி அரசு மருத்துவமனையில் தொடங்கலாம். அடுத்து க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையும், அதன் பாலரெங்காபுரம் புற்றுநோய் சிகிச்சை மையமும் உள்ளன. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை. சென்னையில் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் உருவான அடையாறு புற்றுநோய் மையம்.

மருத்துவக் காப்பீடு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைப் பாதுகாப்பு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போங்கள். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சந்தேகங்களுக்குக் கட்டணமில்லா எண் 1800 425 3993. எந்தப் பரிசோதனை, எந்த மருந்து திட்டத்தில் வரும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டு, முன் அனுமதி வாங்கிய பிறகு தொடங்குங்கள். கட்டிய பிறகு கேட்பதைவிடக் கட்டும் முன் கேட்பது நல்லது.

ரயில் சலுகை: சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி வகுப்புகளில் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. உடன் போகும் ஒருவருக்கு இந்த வகுப்புகளில் 75 சதவீதம் தள்ளுபடி. உரிய படிவத்தில் மருத்துவமனை தரும் சான்றோடு முன்பதிவு கவுன்ட்டரில் டிக்கெட் எடுக்க வேண்டும். 2023 ஜூனில் போடிக்கு மறுபடி ரயில் வந்ததிலிருந்து மதுரைக்கும் சென்னைக்கும் நேரடியாகவே போகலாம் என்பதால், இந்தச் சலுகை நம் பகுதிக்கு ரொம்பவே உதவும்.

மருந்து விலை: 2024 ஜூலை மத்திய பட்ஜெட்டில் மூன்று புற்றுநோய் மருந்துகளுக்குச் சுங்க வரி நீக்கப்பட்டது. அதில் இரண்டு நுரையீரல் புற்றுநோய்க்குப் பயன்படுபவை: ஓசிமெர்டினிப், டுர்வாலுமாப். பழைய விலையைக் கேட்டு மலைத்துப்போனவர்கள் இப்போது மறுபடி விசாரிக்கலாம்.

தொலைபேசி ஆலோசனை: மருத்துவ ஆலோசனைக்கு 104. புகையிலைப் பழக்கத்தை நிறுத்த உதவும் கட்டணமில்லா எண் 1800 11 2356.

மருத்துவரிடம் கேட்க ஐந்து கேள்விகள்

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. எந்த வகை நுரையீரல் புற்றுநோய்? எந்த நிலை?
2. இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே., பி.டி.-எல்1 மூன்றும் பார்த்தாகிவிட்டதா? எது பாக்கி?
3. இந்த முடிவால் சிகிச்சை எப்படி மாறும்?
4. நீங்கள் சொல்லும் மருந்து காப்பீட்டில் வருமா? வராவிட்டால் அதற்கு நிகரான வேறு வழி என்ன?
5. வீட்டில் எந்த அறிகுறி வந்தால் உடனே வரவேண்டும்?

இப்போது மறுபடி அந்தப் போடி வீட்டுக்கு வருவோம். ரிப்போர்ட்டில் 60 என்று இருக்கிறது. அண்ணன் மகன் செய்ய வேண்டியது ஒன்றுதான். உறவினர் குரூப்பில் போடுவதற்கு முன், ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், “சார், இ.ஜி.எஃப்.ஆர். ரிசல்ட் வந்துருச்சா? இந்த அறுபதை வச்சு அத்தைக்கு என்ன மருந்து கொடுக்கலாம்?” என்று கேட்பது. பெரியவர் “எதுக்கு அலைச்சல்” என்றால், “பரவலைத் தாத்தா, இது மருந்து தேர்ந்தெடுக்கிற நம்பர்” என்று பொறுமையாகச் சொல்வது.

உங்கள் தெருவில், உங்கள் சொந்தத்தில் யாருக்காவது இப்படி ஒரு ரிப்போர்ட் வந்திருந்தால், இந்தக் கட்டுரையை அவர்களோடு உட்கார்ந்து ஒருமுறை படியுங்கள். சிகிச்சை முடிவை மட்டும் நேரில் பார்த்த மருத்துவரிடமே விடுங்கள்.